செடிக்கு டிஏபி போட்ட அப்பாவும், சாகக் கிடக்கும் என் மணிபிளாண்டும்

மாடிவீட்டுக்காரன் | மே 9, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை நரிமேட்டில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன். கிழக்குப் பார்த்த பால்கனி, நாலடி அகலம், கம்பி போட்டது. ஊரடங்குக் காலத்தில் பொழுது போகாமல் ஆரம்பித்தது, இப்போது உள்ளேயும் வெளியேயுமாக 14 தொட்டிகள். மணிபிளாண்ட் மூன்று, பாம்புச் செடி இரண்டு, ஓமவல்லி, துளசி, ஒரு பீஸ் லில்லி, ஒரு பெரணி, மிச்சமெல்லாம் பெயர் கேட்காமலே வாங்கியவை.

மாசி மாதம் அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன் நடந்தது. மேலூர் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை. ஐம்பது வருடமாக அதைத் தவிர வேறு எதிலும் கண் போகாத மனுஷன். கால் சரியாகும் வரை எங்களோடு இருக்கட்டும் என்று கூட்டி வந்தோம். கீழே இறங்கி நடக்கலாம் என்றால் படி ஏறக்கூடாது. லிஃப்ட் இருக்கிறது, அதில் ஏற அவருக்குப் பயம். ஆக, வந்த நாளிலிருந்து வீட்டுக்குள்ளேயேதான்.

முதல் நாளே தொட்டிகளைப் பார்த்துவிட்டு, "இது காய்க்குமாப்பா?" என்றார். இல்லை என்றேன். "பூக்குமா?" நான் பார்த்ததில்லை என்றேன். "மாடாச்சும் திங்குமா?" தின்றால் வாய் எரியும் என்றேன். "அப்ப என்னத்துக்கு இதுக்குப் போயி தண்ணி ஊத்திக்கிட்டுத் திரியிற?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் கை சும்மா இருக்குமா? ஒரு மணிபிளாண்ட் கொஞ்சம் வெளுத்துப்போயிருந்தது. ஊரிலிருந்து வந்த சித்தப்பா மகனிடம் சொல்லி, வயலுக்குப் போடும் டிஏபி உரம் வாங்கி வரச் செய்திருக்கிறார். நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து அந்தத் தொட்டியில் ஒரு கைப்பிடி. மூன்றே நாளில் இலை ஓரமெல்லாம் காப்பித்தூள் நிறத்தில் கருகி, அடித்தண்டு தொளதொளத்துவிட்டது.

செடி 80 ரூபாய், போனால் போகிறது. ஆனால் நேற்று ராத்திரி அப்பா இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். "எனக்கு இனிமே ஒண்ணும் தெரியாதுப்பா" என்கிறார். இதைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

---

நாற்றங்கால் | மே 9, இரவு 10:41

அண்ணே, விடியட்டும் என்று இருக்காதீர்கள். இப்போதே தொட்டியைக் கவிழுங்கள். நான் அழகர்கோவில் ரோட்டில் ஒரு நர்சரியில் 19 வருடமாக வேலை பார்க்கிறவன், உரம் அதிகமாகிப் போன செடி நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த மண்ணை மறந்துவிடுங்கள், அது இப்போது உப்பளம். வேரை வாளித் தண்ணீரில் அலசுங்கள். வெள்ளையாக, கிள்ளினால் நறுக்கென்று ஒடிவது உயிர்வேர். பழுப்பாகி, பிடித்து இழுத்தால் தோல் உறை மாதிரி கழன்று நூல் மட்டும் கையில் மிஞ்சினால் அது முடிந்துபோனது, வெட்டி எறியுங்கள். மோந்து பார்த்தாலே தெரியும், சாக்கடை வாடை வரும்.

வேர் மொத்தமும் போயிருந்தாலும் பயப்பட வேண்டாம். மணிபிளாண்டில் கணுவுக்குக் கணு ஒரு பழுப்பு முண்டு இருக்கும், வேர் அங்கிருந்துதான் விடும். தண்டில் கெட்டியாக, பச்சையாக இருக்கும் பகுதியைப் பார்த்து, கணுவுக்குக் கீழே ஓர் அங்குலம் விட்டு வெட்டி, கணு மூழ்கும்படி தண்ணீர் பாட்டிலில் வையுங்கள். இலை முழுகக் கூடாது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இருந்தால் அதை ஊற்றலாம், அதில் உப்பு கிடையாது. வாட்டர் ஃபில்டரின் கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். போர் தண்ணீரில் இருக்கிற உப்பெல்லாம் திரண்டு வருவது அதில்தான்.

வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். அக்னி நட்சத்திரம் முடிகிற வரைக்கும் பால்கனி வேண்டாம்.

---

கணக்கு வாத்தியார் | மே 10, காலை 5:55

அப்பாவிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். குறை சொல்ல அல்ல. கணக்காகச் சொன்னால் விவசாயி ஏற்றுக்கொள்வார்.

நெல்லுக்கு அடியுரமாக ஏக்கருக்கு ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ டிஏபி என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் 4047 சதுர மீட்டர். ஆக, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிராம். உங்கள் தொட்டி 6 அங்குலம் இருக்குமா? அதன் வாய் ஒரு சதுர மீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. வயல் கணக்கில் பார்த்தாலே அதற்குக் கால் கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஆகிறது. ஒரு கைப்பிடி 50 கிராம் என்றால் இருநூறு மடங்கு! வயலில் தண்ணீர் நிற்கும், வடியும், மண் ஆழமாகப் போகும். தொட்டியில் எங்கே போகும்?

டிஏபி மூட்டையில் 18-46 என்று போட்டிருப்பது 18 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), 46 சதவீதம் மணிச்சத்து (பாஸ்பேட்). மணிபிளாண்டுக்கு அவ்வளவு மணிச்சத்து எதற்கு? அது என்ன கதிர் விடவா போகிறது?

---

மாடிவீட்டுக்காரன் | மே 11, இரவு 9:20

வாத்தியார் சார், நன்றி. காகிதத்தில் எழுதிக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "கால் கிராமா? அத எப்புடிப்பா கையில அள்ளுறது?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார். இந்த வீட்டுக்கு வந்து அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். "கைதாம்ப்பா போட்டுச்சு, நான் போடல. ஐம்பது வருசப் பழக்கம்" என்றார்.

அலசும் வேலையையும் அவரே வாங்கிக்கொண்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஆபரேஷன் செய்த காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, கீழே பாத்திரம் கழுவும் தொட்டி. வேர்க்கட்டைத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தார். நாற்றுப் பறிக்கும்போது நாற்றுக் கற்றையைக் காலில் தட்டி மண்ணை உதிர்ப்பார்கள் இல்லையா, அந்தப் பழக்கத்தில் செடியை ஓங்கிவிட்டு, எந்தக் கால் என்று நினைவு வந்து பாதியில் நிறுத்தினார். அம்மா மட்டும் இருந்திருந்தால் இதை ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

நல்ல வேர் நாலைந்துதான் தேறியது. மூன்று கணு கிடைத்தது. மூன்று ஹார்லிக்ஸ் பாட்டில், சமையலறை ஜன்னலில் வரிசையாக நிற்கின்றன. நாற்றங்கால் தம்பி, வெட்டின வாயில் மஞ்சள் தடவச் சொல்லி அப்பா கேட்டார், தடவிவிட்டோம். தப்பில்லையே?

---

நாற்றங்கால் | மே 11, இரவு 9:34

தப்பில்லை அண்ணே. தடவாவிட்டாலும் தப்பில்லை.

---

வாணி வில்லாபுரம் | மே 12, மதியம் 3:05

உங்கள் கதையைப் படித்துவிட்டு என் புலம்பலையும் போட்டுவிடலாம் என்று வந்தேன்.

செடி வளர்த்தால் பொறுமை வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு வந்தது பொறாமை. எதிர்வீட்டு அக்கா மாடியில் நாலு மல்லித் தொட்டி, சித்திரையில் அப்படி மொட்டு. சாயங்காலம் காற்று இந்தப் பக்கம் அடித்தால் எனக்கு வயிறு எரியும். என் ஒற்றைத் தொட்டியில் நாளைக்கு இருபது மொட்டு. வாழைநாரைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், கட்டி முடிப்பதற்குள் பூ முடிந்துவிடும். அரை முழம் தேறாது, சாமி படத்துக்குச் சரியாகப் போகும்.

இன்னும் வைக்கலாம் என்றால் வீட்டு ஓனர் விடமாட்டேன் என்கிறார். மாடியில் ஓதம் இறங்குதாம். ஒரு நாள் நான் கடைக்குப் போயிருந்தபோது மூன்று தொட்டியைத் தூக்கிக் கீழே வாசலில் வைத்துவிட்டார். அவரே கைவைத்துத் தூக்கியதில் முதுகு பிடித்துக்கொண்டது என்பது தனிக்கதை, அதற்கும் நான்தான் தைலம் கொடுத்தேன்.

படுக்கையறையில் பாம்புச் செடி வைத்திருக்கிறேன், அதற்கு மட்டும் அனுமதி. ராத்திரியெல்லாம் ஆக்சிஜன் விடுமாமே, தூக்கம் நன்றாக வருகிறது.

---

உசிலை மல்லி | மே 12, இரவு 8:48

வாணி அக்கா, எதிர்வீட்டு மல்லியைப் பார்த்து ஏங்க வேண்டாம். கார்த்திகையில் நீங்கள் கத்தரித்தீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில். எங்கள் வீட்டில் மல்லித் தோட்டம்தான். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமும் கவாத்து பண்ணுவோம். பார்க்கிறவர்களுக்கு வயிறு பகீரென்று இருக்கும், வெறும் குச்சியாக நிற்கும். மல்லி பூப்பது புதுத் துளிரில்தான். பழைய கிளையைப் பாசத்தோடு விட்டுவைத்தால் இலைதான் கிடைக்கும். தொட்டியிலும் அதே கணக்குத்தான், மட்டத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வெயில். ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். வீட்டுக்குள் வைத்து மல்லி பூக்கவில்லை என்றால் மல்லி என்ன செய்யும்?

புவிசார் குறியீடு 2013இல் கிடைத்தபோது மதுரை மல்லி என்று ஊரே பெருமைப்பட்டது. மார்கழியில் பனி விழுந்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும்போது எங்கள் செடியில் பூ இருக்காது. செடி முட்டப் பூக்கும்போது விலை இருக்காது. ஆசைக்கு வளர்க்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, கொடுத்து வைத்தவர்கள்.

---

குறுக்குக்கேள்வி | மே 13, காலை 11:17

மன்னிக்கவும் வாணி மேடம், நல்ல தூக்கம் வருவது நல்ல விஷயம்தான். ஆனால் பாம்புச் செடி ராத்திரியில் ஆக்சிஜன் விடுவதில்லை. கற்றாழை, பாம்புச் செடி வகையெல்லாம் ராத்திரியில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பகலில் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் இருக்க அது கண்ட வழி. ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும், ஆகவே அந்த வேலை பகலில்தான்.

காற்றைச் சுத்தம் செய்கிற கதையும் இப்படித்தான். 1989இல் நாசா ஓர் ஆய்வு செய்தது உண்மை. அடைத்த சின்னப் பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்தது அது. நம் வீடு பெட்டியா? ஜன்னல், கதவிடுக்கு என்று காற்று வந்து போய்க்கொண்டே இருக்கிறது. 2019இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். சாதாரணமாகக் காற்று வந்துபோவதற்கு ஈடாகச் செடிகள் சுத்தம் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டும். அப்புறம் நாம் எங்கே படுப்பது?

அதோடு, செடியிடம் வாழ்க்கைப் பாடம் படித்தேன் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு ஒவ்வாமை. செடியைச் செடியாக வளர்த்தால் போதாதா?

---

நாற்றங்கால் | மே 13, மதியம் 1:30

குறுக்குக்கேள்வி சார் சொல்வது சரிதான். எங்கள் கடை வாசலிலும் ஆக்சிஜன் செடி என்று பலகை எழுதி வைத்திருக்கிறார் முதலாளி. நான் எழுதவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், வீட்டுக்குள் வைக்கிற செடி பெரும்பாலும் ஆந்திராவில் கடியம் பக்கமிருந்தும் பெங்களூரிலிருந்தும் லாரியில் வருகிறது. பச்சை வலை நிழலில், நேரத்துக்குத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளை. மதுரை வெயிலில் இறக்கினால் அதற்குத் திக்கென்று இருக்கும். வாங்கிப் போனவர் அன்றைக்கே தொட்டி மாற்றி, உரம் வைத்து, ஹாலில் ஃபேனுக்கு நேராக வைப்பார். பத்து நாள் சும்மா நிழலில் விட்டாலே பாதிச் செடி பிழைத்துக்கொள்ளும். மாற்றும்போது வேர்ப்பந்தைச் சுற்றி மெல்லிய வலைத்துணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், இருந்தால் கிழித்துவிட்டு நடுங்கள்.

வாணி அக்கா, வீட்டுக்காரர் கேட்பதும் நியாயம்தான். தொட்டியைத் தரையில் ஒட்டி வைத்தால் அடியில் ஈரம் தங்கிக்கொண்டே இருக்கும். மூன்று செங்கலைப் போட்டு அதன்மேல் தூக்கி வையுங்கள். பாரமும் குறைய வேண்டும் என்றால் செம்மண்ணைக் குறைத்துத் தென்னைநார்க் கழிவைக் கூட்டுங்கள். கடையில் கட்டியாக விற்பதை அப்படியே போடாமல் இரண்டு மூன்று தண்ணீர் ஊறவைத்துப் பிழிந்து ஊற்றிவிடுங்கள், அதில் உப்பு இருக்கும்.

---

இரவுப்பணி | மே 14, மாலை 4:22

நான் நர்ஸ். ஐசியூவில் மாதம் பாதி நாள் நைட் டூட்டி. பகல் இரண்டு மணிக்கு எழுந்தால் பீஸ் லில்லி தலையைத் தொங்கப்போட்டு என்னைப் பார்க்கும். பாவம் என்று ஊற்றி ஊற்றி இரண்டு செடியைக் கொன்றேன். தண்ணீர் குறைந்தாலும் தொங்குகிறது, வேர் அழுகினாலும் அதே மாதிரிதான் தொங்குகிறது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

மூன்றாவது செடிக்கு டூட்டியில் செய்கிறதையே செய்தேன். இன்டேக் அவுட்புட் சார்ட், அதாவது உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளந்து எழுதுவது. சிரிக்காதீர்கள். சமையலறைத் தராசில் தொட்டியை அப்படியே தூக்கி வைப்பேன். நன்றாக ஊற்றி வடிந்த பிறகு 820 கிராம். இலை தளர ஆரம்பிக்கும்போது 560. ஆகவே 600க்கு இறங்கினால் தண்ணீர், இல்லையென்றால் கிடையாது. மே மாதத்தில் அது மூன்று நாளில் இறங்குகிறது, மழைக்காலத்தில் எட்டு நாள் ஆகிறது. ஞாயிறும் புதனும் ஊற்றுவேன் என்ற கணக்கெல்லாம் செடிக்குப் புரிவதில்லை. ஒரு மாதம் எடை பார்த்த பிறகு தராசு தேவைப்படவில்லை, தூக்கினால் கைக்கே தெரிகிறது.

இன்னொரு விஷயம், மாடித் தொட்டித் தண்ணீரை மதியம் குழாயில் பிடித்து அப்படியே ஊற்றாதீர்கள். காப்பி போடுகிற சூட்டில் வரும். வாளியில் பிடித்துவைத்து ஆறின பிறகு ஊற்றுங்கள்.

குறுக்குக்கேள்வி சார், உங்கள் ஒவ்வாமைக்கு செட்ரிசின் இருக்கிறது. வார்டில் எல்லாமே கத்தும். மானிட்டர், பம்ப், அட்டெண்டர், சில நேரம் டாக்டர். கத்தாத ஒன்றைப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான், பாடமெல்லாம் இல்லை.

---

குறுக்குக்கேள்வி | மே 14, மாலை 6:01

தராசு வேலை பிடித்திருக்கிறது. செட்ரிசினும் ஏற்றுக்கொள்கிறேன்.

---

மாடிவீட்டுக்காரன் | ஜூன் 2, இரவு 10:30

நிலவரம் சொல்லியாக வேண்டும். மூன்றில் இரண்டு பாட்டிலில் வேர் விட்டுவிட்டது. முதலில் கணுவில் வெள்ளையாக ஒரு புள்ளி, அப்புறம் கொசுவின் கால் மாதிரி. அப்பாதான் முதலில் பார்த்தார். காலையில் பல் விளக்கும் முன் சமையலறையில் நிற்கிறார். அவர் மருமகள் காப்பி போட வந்தால், "மெதுவா, பாட்டில அசைச்சிராத" என்கிறார்.

அப்புறம், ஐந்து மாதமாக எனக்குப் பிடிபடாத ஒரு விஷயத்தை அவர் கண்டுபிடித்தார். பெரணியின் ஒரு பக்கம் மட்டும் நுனி காய்ந்துகொண்டே இருந்தது. நான் தண்ணீர், மண், வேப்பெண்ணெய் என்று எல்லாம் பார்த்துவிட்டேன். இவர் ஒரு மதியம் பால்கனிக் கதவோரம் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார், காலில் அனலாக அடிக்கிறது. பக்கத்து வீட்டு ஏசியின் வெளி யூனிட் எங்கள் பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறது, மதியம் ஒன்றரைக்கு ஓட ஆரம்பிக்கும். நான் அந்நேரம் வீட்டில் இருந்ததே இல்லை. "என் காலு தாங்கலையே, அது எப்புடிப்பா தாங்கும்?" என்று தொட்டியை இந்த மூலைக்கு நகர்த்தச் சொன்னார். புதுக் கொழுந்து கருகாமல் சுருள் பிரிகிறது.

அவர் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று: மணிபிளாண்ட் ஏன் பூப்பதில்லை? நேற்றிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டார்.

---

குறுக்குக்கேள்வி | ஜூன் 3, காலை 9:12

இதற்கு நான் வருகிறேன். பூப்பதற்கு ஜிப்பெரெல்லின் என்ற ஹார்மோன் அதற்குள் உண்டாக வேண்டும். அதை உண்டாக்கும் மரபணு ஒன்று மணிபிளாண்டில் சரியாக வேலை செய்வதில்லை. ஆய்வுக்கூடத்தில் அந்த ஹார்மோனைத் தெளித்தபோது பூத்தது. பசிபிக் பெருங்கடலில் தாஹிதிக்குப் பக்கத்து மூரேயா தீவுதான் அதற்குச் சொந்த ஊர். விதை போட்டுப் பரவவில்லை, மனிதர்கள் தண்டைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தே உலகமெல்லாம் போயிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் தவழ்கிற குழந்தையோ பூனையோ இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையில் ஊசி மாதிரிப் படிகங்கள் இருக்கின்றன, கடித்தால் வாய் எரிந்து வீங்கும். டம்ப்கேன் என்று விற்கும் செடியும் அப்படித்தான். உங்கள் மாட்டுக் கேள்விக்கும் இதுதான் பதில்.

---

மாடிவீட்டுக்காரன் | ஜூன் 3, இரவு 9:05

படித்துக் காட்டினேன். "பாவம், அதுக்குப் பூக்கத் தெரியாதாப்பா" என்றார். மருமகள் சொல்கிறாள், அதற்குப் பிறகு அந்த இரண்டு பாட்டிலுக்கும் தனி கவனிப்பாம்.

---

வாணி வில்லாபுரம் | ஆகஸ்ட் 6, மதியம் 12:48

பாட்டில் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் கவனியுங்கள். இன்றைக்கு டெங்குக் கொசு பார்க்க வீடுவீடாக ஆட்கள் வந்தார்கள். ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, மாடித் தொட்டி, எல்லாம் பார்த்துவிட்டு ஒரு அம்மா நேராக என் மணிபிளாண்ட் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே ஏழெட்டுப் புழு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நெளிகிறது. மானம் போயிற்று. நல்ல வேளை, அபராதம் போடவில்லை. முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதுமாம், அதனால் வாரம் ஒரு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். மாற்றினால் மட்டும் போதாது, பாட்டிலின் உட்சுவரைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாதாம். தொட்டிக்குக் கீழே வைக்கிற தட்டிலும் மணலை நிரப்பிவிடச் சொன்னார்.

வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். செங்கல்மேல் தொட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இன்னும் இரண்டு வைக்கலாம் என்று அர்த்தமா, தெரியவில்லை. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

---

மாடிவீட்டுக்காரன் | ஆகஸ்ட் 7, இரவு 11:15

எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை பாட்டில் மாற்றும் நாள், அப்பா பொறுப்பு. கால் இப்போது பரவாயில்லை, லிஃப்ட் பயமும் பாதி போய்விட்டது.

நேற்று கரண்ட் போய்விட்டது. பால்கனியில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று, "வயல்ல நான் செடியப் பாத்ததே இல்லப்பா" என்றார். புரியவில்லை என்றேன். "பச்சையத்தான் பாத்திருக்கேன். வரப்புல நின்னா மொத்தமும் பச்சையாத் தெரியும். மஞ்சத் தட்டுனா உரம், சுருண்டா மருந்து. ஒத்தச் செடி போச்சுன்னா யாரு பாத்தா? பக்கத்துலதான் ஆயிரம் நிக்குதே" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. கரண்ட் வந்ததும் எழுந்துபோய்ப் படுத்துவிட்டார்.

---

கணக்கு வாத்தியார் | ஆகஸ்ட் 8, காலை 5:40

நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வகுப்பில் முப்பத்துநாலு வருடம் பாடம் எடுத்தவன் நான். இதைப் படித்துவிட்டு நடைப்பயிற்சிக்குப் போகவில்லை.

---

மாடிவீட்டுக்காரன் | செப்டம்பர் 21, இரவு 8:50

அப்பா ஊருக்குப் போய்விட்டார். எங்கள் பக்கம் ஒருபோகம், வருடத்துக்கு ஒரு விளைச்சல்தான். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரைதான் இருபோகம், எங்களுக்குப் பெரியாறு தண்ணீர் திறந்தால்தான் நாற்றங்கால் பாவ முடியும். கால்வாயில் தண்ணீர் விட்டாச்சு என்று போன் வந்த அன்றைக்கே வேட்டியை மடித்துப் பையில் வைத்துவிட்டார். குத்தகைக்கு விடலாமே என்றேன், காதிலேயே வாங்கவில்லை. மணிபிளாண்ட் பாட்டிலில் ஒன்று அவரோடு போனது, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தார். மீதி டிஏபியையும் எடுத்துக்கொண்டார்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. ஓமவல்லியில் மாவுப்பூச்சி வந்திருக்கிறது, வழக்கமாக அவர் பழைய பல் பிரஷ்ஷால் துடைப்பார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் எவ்வளவு என்று யாராவது சொல்லுங்கள், நான் மறந்துவிட்டேன்.

---

நாற்றங்கால் | செப்டம்பர் 21, இரவு 9:02

5 மில்லி அண்ணே. சோப்புத் தண்ணீர் சில சொட்டு சேர்த்தால்தான் எண்ணெய் கலக்கும். சாயங்காலம் அடியுங்கள். ஓமவல்லியைக் கஷாயத்துக்குப் பறிப்பதாக இருந்தால் ஒரு வாரம் விட்டு, நன்றாகக் கழுவி எடுங்கள்.

---

உசிலை மல்லி | நவம்பர் 24, காலை 7:30

வாணி அக்கா, கவாத்து! மறந்துவிட வேண்டாம், இந்த வாரம்தான்.

---

வாணி வில்லாபுரம் | நவம்பர் 24, காலை 10:10

கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரமாக நிற்கிறேன். இன்றைக்குக்கூட மூன்று மொட்டு இருக்கிறது.

---

உசிலை மல்லி | நவம்பர் 24, காலை 10:14

மொட்டைப் பறித்துக்கொண்டு வெட்டுங்கள்.

---

மாடிவீட்டுக்காரன் | நவம்பர் 30, இரவு 9:45

சனி ஞாயிறு மேலூர் போய் வந்தோம். பயிர் முழங்காலுக்கு மேலே வந்துவிட்டது. மோட்டார் ரூம் ஜன்னலில் மணிபிளாண்ட் பாட்டில், இரண்டு புது இலை. அதைப் பார்க்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுத் திண்ணையில் பழைய பெயிண்ட் வாளி ஒன்று, சேறும் தண்ணீருமாக. நடுவில் ஒரே ஒரு நெல் நாற்று, தூர்கட்டி நிற்கிறது. இரண்டு ஏக்கர் நட்டுவிட்டு இது எதற்கு என்றேன். "சும்மா, பாக்குறதுக்கு" என்றார். நடவின்போது ஒற்றை நாற்றாக வைத்ததாம். மகள் எண்ணிப் பார்த்தாள், 17 கிளைப்பு. தாத்தா அவளைத் திருத்தினார், அடியில் மறைந்திருப்பதையும் சேர்த்தால் 18.

---

நாற்றங்கால் | நவம்பர் 30, இரவு 9:58

அண்ணே, வாளிக்கு டிஏபி போட்டாரா?

---

மாடிவீட்டுக்காரன் | நவம்பர் 30, இரவு 10:03

நானும் அதைத்தான் கேட்டேன். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, எதையோ சிட்டிகை எடுப்பது போலக் காட்டினார். "கால் கிராம்."